இவர் கப்பலைத் தெற்கே திருப்பினேன்

பிப்ரவரி 11

பக்கத்து இருக்கைக்காரி இன்றிலிருந்து பிரசவ விடுப்பு. அவள் வழி சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த வாயுக் கப்பல்களை மேலாளர் எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். என் பங்குக்கு வந்தவற்றில் ஒன்று இவர், என் வீட்டுக்காரர், வேலை செய்கிற கப்பல்.

சொந்தக்காரர் இருக்கிற கப்பலைத் தன் மேசையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் அலுவலகப் பழக்கம். எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனாலும் எல்லாரும் கடைப்பிடிக்கிறோம். மேலாளருக்கு நினைவில்லை போலிருக்கிறது. நானும் வாயைத் திறக்கவில்லை. திரையில் அந்தக் கப்பலைக் காட்டுகிற பச்சைப் புள்ளியை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாமே என்ற அற்ப ஆசைதான், வேறென்ன.

பிப்ரவரி 12

கப்பல் சரக்கை இறக்கிக்கொண்டிருக்கிறது. இறக்கி முடித்ததும் கடலைத் தாண்டி, கால்வாய்க்குள் புகுந்து, அந்தப் பக்கத்துக் கடலில் அடுத்த சரக்கை ஏற்றப் போகும். அங்கேதான் இவருக்கு மாற்று ஆள் ஏறுகிறார். இவர் இறங்கி வீட்டுக்கு வரலாம்.

"மொத்தத்தையும் இறக்கிட்டா என்ன, எதுக்குக் கொஞ்சம் மிச்சம் வெக்கிறீங்க?" என்று அத்தை கேட்டார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்த மாமியார். எதையும் பாதியில் கேட்டுவிட்டு விடமாட்டார். விளக்கினேன். வாயுவைக் கடுங்குளிரில் திரவமாக்கித்தான் ஏற்றுகிறோம். தொட்டி காலியாகிச் சூடேறிவிட்டால் அடுத்த சரக்கை உடனே ஊற்ற முடியாது, முதலில் தொட்டியைக் குளிரவைக்க நாள் பிடிக்கும். அதனால் அடியில் கொஞ்சம் திரவத்தை விட்டு வைப்போம், அதற்கு ஹீல் என்று பெயர். போகிற வழியெல்லாம் அது ஆவியாகித் தொட்டியைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும், எஞ்சினும் அதிலேயே ஓடும். எவ்வளவு விடுவது என்பது போகிற தூரத்தைப் பொறுத்தது. கால்வாய் வழி என்றால் கொஞ்சம் போதும், கண்டத்தைச் சுற்றிப் போவதென்றால் நிறைய வேண்டும்.

"அப்போ என் பையன் வேலை அந்த மிச்சத்தைக் காவல் காக்கறதா?" என்றார். கிட்டத்தட்ட அதுதான். இவர் அந்தக் கப்பலின் கேஸ் இன்ஜினீயர்.

காலையில் நான் அனுப்பிய ஆணை: கால்வாய் வழி, ஹீல் குறைவாகப் போதும். கால்வாய்க்குத் தண்ணீர் தருகிற ஏரி வற்றுகிறது, ஒரு நாளைக்கு விடுகிற கப்பல்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று அங்கிருக்கிற ஏஜென்ட் போன வாரமே சொல்லியிருந்தார். தெரிந்துதான் எழுதினேன். மிச்சம் குறைந்தால் விற்பனை கூடும், கம்பெனிக்கு லாபம் என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன்.

பிப்ரவரி 14

அத்தையை டாக்டரிடம் கூட்டிப் போனேன். இதய வால்வு இன்னும் சுருங்கியிருக்கிறது. அடுத்த மாதம் பாதிக்குள் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்கிறார். அத்தை பையை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். "பையன் வந்துடுவான். வந்ததும் பண்ணிக்கலாம்."

மாமனார் ஆபரேஷன் மேசையிலேயே போனவர். அப்போது இவர் நடுக்கடலில். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வீட்டை அலம்பியும் விட்டிருந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றாமலே ரொம்ப நேரம் நின்றார். இனிமேல் இந்த வீட்டில் யாருக்குக் கத்தி வைப்பதாக இருந்தாலும் நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு அம்மாவிடம் சொன்னார். அத்தையும் சரியென்று வாக்குக் கொடுத்தார். போன முறை கிளம்பும்போதுகூட என்னிடம், "நான் வர்றவரைக்கும் அம்மாவை எங்கயும் கொண்டு போயிடாதே" என்றார்.

கால்வாய் வழியாக வந்தால் அடுத்த மாதம் பத்தாம் தேதி வாக்கில் வீட்டில் இருப்பார். சரியாக இருக்கும். இருக்கணும்.

பிப்ரவரி 17

இருக்காது போலிருக்கிறது.

ஏஜென்ட் காலையிலேயே கூப்பிட்டார். ஒரு நாளைக்கு இத்தனை கப்பல் என்று கொடுக்கிற முறைகளை மறுபடியும் குறைத்துவிட்டார்கள். பெட்டி ஏற்றுகிற கப்பல்கள் வருஷத்துக்கு முன்பே நாள் பிடித்து வைத்திருப்பவை, ஆகவே அவை உள்ளே. நாங்கள் எப்போதும் கடைசி நேரத்தில் ஓடி வருகிறவர்கள். பாதி வழியில் சரக்கு கை மாறும், போகிற ஊர் மாறும், அதனால் முன்கூட்டி நாள் பிடிக்க முடியாது. போதாக்குறைக்கு வாயுக் கப்பல் என்றால் பகல் வெளிச்சத்தில்தான் விடுவார்கள். முறை பிடிக்காமல் போய் நின்றால் மூன்று வாரமும் ஆகலாம், ஐந்தும் ஆகலாம், எழுதிக் கொடுக்க என்னால் முடியாது என்றார்.

ஒரு கடலின் கரையில் வாயு கிடைக்கிறது, இன்னொரு கடலின் கரையில் அடுப்பும் மின் நிலையமும் அதற்காகக் காத்திருக்கின்றன. நடுவில் இந்த ஒற்றை வாய்க்கால். எங்கள் வியாபாரம் பாதி அதை நம்பித்தான் வளர்ந்தது. எங்கோ ஒரு ஏரியில் மழை பெய்யவில்லை என்றால் யார் வீட்டுச் சமையலோ தள்ளிப் போகிறது. இத்தனை வருஷம் இதை மற்றவர்களுக்குப் பாடம் மாதிரி சொல்லியிருக்கிறேன். இப்போதுதான் உறைக்கிறது.

பிப்ரவரி 18

மீதமிருக்கும் முறைகளை ஏலம் விடுகிறார்கள். கேட்டோம். மேலாளர் அனுமதித்த எல்லை வரைக்கும் போனோம். சமையல் வாயு ஏற்றும் கப்பல் ஒன்று அதற்கு மேல் கேட்டுத் தட்டிக்கொண்டு போய்விட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறலாமா என்று கேட்டேன், மேலாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நான் ஏன் இவ்வளவு துடிக்கிறேன் என்று யோசித்திருப்பாரோ?

பிப்ரவரி 19

உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. அலுவலக மாடியில் ஏறி இறங்கினேன். காவலாளி என்ன தேடறீங்க மேடம் என்றார். என்னத்தைச் சொல்ல.

பிப்ரவரி 20

கப்பல் பாதிக் கடலில் இருக்கிறது. இப்போதே தெற்கே திருப்பினால் கண்டத்தின் முனையைச் சுற்றி ஏற்றும் துறைமுகத்துக்கு அடுத்த மாதக் கடைசியில் போய்ச் சேரலாம். தேதி நிச்சயம். நேராகக் கால்வாய்க்கே போனால் வரிசை. இரண்டு வழியிலும் ஹீல் போதாது, தொட்டி சூடேறும். நிறைய விட்டு வைத்திருந்தால் சுற்று வழியில் ஒரு கவலையும் இருந்திருக்காது. விடாதது நான். முதலில் மனசுக்குள் கால்வாயை முடிவு செய்துவிட்டு, அப்புறம் கணக்கைப் போட்டவள் நான்தான்.

நாளைக்குள் மேலாளருக்குப் பரிந்துரை எழுத வேண்டும். இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில், கப்பல் போய்ச் சேர்வதற்குள் வரிசை கரையும் என்று வைத்துக்கொண்டால் கால்வாய்தான் சிக்கனம். பொய் என்று ஒரு வரிகூட இல்லை, ஆனால் முழுக்க என் ஆசை. யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதைத்தான் நான்கு தடவை படித்தேன், படிக்கப் படிக்க நன்றாகவே இருந்தது.

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

பிப்ரவரி 21

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கப்பலில் என் வீட்டுக்காரர் இருக்கிறார், வீட்டில் அத்தைக்கு ஆபரேஷன், ஹீலைக் குறைத்தது என் பிழை, கப்பலை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்றேன்.

ஹீல் விஷயத்துக்கு நன்றாகத் திட்டினார். வாங்கிக்கொண்டேன். பிறகு கொஞ்சம் தணிந்து, "எல்லாக் கப்பல்லயும் யாரோ ஒருத்தர் வீட்டு ஆள்தான் இருக்கான். இது வேற எவனோ கப்பல்னா என்ன எழுதுவே?" என்று கேட்டார்.

தெற்கே என்றேன்.

"அப்போ அதையே எழுதிட்டுப் போ."

எழுதினேன். அனுப்பினேன். சாயங்காலம் திரையில் புள்ளி மெல்லத் தெற்கே வளைந்ததைப் பார்த்தேன். நான்தான் திருப்பினேன். நானே என் கையால.

பிப்ரவரி 22

இவரிடமிருந்து ஒரு வரி. "காரணத்தை முதல்ல சொல்லிட்டு ஆணையை அப்புறமா எழுதற ஆள் அந்த ஆபீஸ்ல ஒருத்திதான். கேப்டன் படிச்சப்பவே தெரிஞ்சுது."

ஆமாம் என்று போட்டேன். மன்னிச்சுடுங்க என்று அடித்து, அழித்தேன். பதில் இல்லை.

பிப்ரவரி 24

அத்தையிடம் சொல்லாமல் இரண்டு நாள் தள்ளினேன். இன்று துணி மடிக்கும்போது சொன்னேன். நீங்க பையனை எதிர்பார்த்துக்கிட்டு இருக்கீங்க, நான் சுற்றிப் போகச் சொல்லிட்டேன், அடுத்த மாதக் கடைசி ஆயிடும் என்று.

கையிலிருந்த துண்டை மடித்து முடித்தார். "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவளைக் கேள்விப்பட்டிருக்கேன். புருஷனையே ஊர் சுத்த விட்டவளை இப்பத்தான் பாக்கறேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன்.

ஆபரேஷனைப் பற்றிக் கேட்டேன். வரட்டும் என்றார். டாக்டர் அடுத்த மாதம் பாதிக்குள்ளன்னு சொன்னாரே என்றேன். "டாக்டர் சொல்வார், அவருக்கென்ன."

பிப்ரவரி 28

நாத்தனார் தொலைபேசியில் ஒரு மணி நேரம். அவள் கடல் தாண்டி வேறு நாட்டில், அம்மாவைப் பற்றிய கவலை முழுக்க வாயில். அண்ணனைச் சுற்ற விட்டது சரியா, அம்மாவை வற்புறுத்தாமல் இருப்பது சரியா, உப்பைக் குறைத்தீர்களா. ஊருக்கு உபதேசம். வைத்துவிட்டு, அவள் கேட்டதில் ஒன்றுக்குக்கூட எனக்குப் பதில் தெரியவில்லை என்பதை உணர்ந்தேன். அதனால்தான் இவ்வளவு கோபம்.

மார்ச் 3

அத்தை மாடிப்படி நடுவில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றுமில்லை, செருப்பு வார் என்றார். காலில் செருப்பே இல்லை.

மார்ச் 6

இதைப் படிக்கிறவர்கள் யாரும் இல்லை என்பதால் எழுதுகிறேன். எனக்கு இன்று யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது.

எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த போட்டிக் கம்பெனிக் கப்பல் நேற்றுக் கால்வாயைத் தாண்டிவிட்டது. வரிசை கரைந்துவிட்டதாம். மழை பெய்யவில்லை, யாரும் கருணை காட்டவில்லை, ஒன்றும் இல்லை. எல்லாரும் எங்களைப் போலவே கணக்குப் போட்டு, பயந்து, தெற்கே திரும்பிவிட்டார்கள். அதனால் வரிசையே இல்லை. அந்தக் கம்பெனிக்காரன் கணக்கே போடாமல் நேராகப் போனான், உள்ளே விட்டுவிட்டார்கள். ஏஜென்ட் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார், பாவம் அவருக்கு என்ன தெரியும்.

என் ஆசையை எழுதியிருந்தால் இவர் பதினொன்றாம் தேதி வீட்டில். நேர்மையா எழுதினேன், மூணு வாரம் தள்ளிப் போச்சு. இதை எந்தக் கணக்கில் எழுதறது?

மேலாளர் என் மேசைப் பக்கம் வந்து, "அன்னிக்குத் தெரிஞ்சதை வெச்சுத்தான் அன்னிக்கு முடிவு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நல்லவர். இன்று அவரையும் பிடிக்கவில்லை.

மார்ச் 9

இவர் கேப்டன் மூலமாக அலுவலகத்துக்கு அனுப்புகிற அறிக்கைகளைத்தான் நான் கடிதம் போலப் படிக்கிறேன். ஹீலை ஒரே தொட்டியில் சேர்த்து, மற்றத் தொட்டிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கிறாராம். எஞ்சினை எண்ணெய்க்கு மாற்றிவிட்டார்கள். நான் செய்த பிழைக்கு அங்கே அவர் ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கென்று ஒரு வரி இல்லை. இன்னும் இரண்டு நாளில் முனை, அங்கே கடல் மோசம் என்று வானிலை.

மார்ச் 12

மருத்துவமனை நாற்காலியில் எழுதுகிறேன்.

காலையில் அத்தைக்கு மூச்சு வாங்கியது, உதடு நீலம். ஆம்புலன்ஸ். இன்றைக்கே செய்ய வேண்டும், நாளை என்றால் என் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தை முகமூடியை விலக்கிக்கொண்டு பையனிடம் பேச வேண்டும் என்றார். கப்பலுக்கு அடித்தேன். அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். முனையில் புயல், இணைப்பே இல்லை. அலுவலகத்திலிருந்தும் முயன்றார்கள். நர்ஸ் வாசலில் நிற்கிறாள். என்ன பண்றதுன்னே தெரியல, நான்தானே இவரைப் புயலுக்குள்ள அனுப்பினேன்.

அத்தை என் கையிலிருந்த போனை வாங்கிப் படுக்கையில் வைத்தார். "லைன் கிடைக்கலைன்னா கிடைக்கலைன்னு சொல்லிட்டு அடுத்த லைனை எடுக்கணும். முப்பது வருஷம் அதான் என் வேலை." பிறகு நர்ஸைப் பார்த்து, "வாம்மா, போலாம்" என்றார்.

நான்கு மணி நேரம் ஆகுமாம்.

மார்ச் 12, மாலை

உயிர் இருக்கிறது. வாயில் குழாய், சுற்றிலும் இயந்திரம். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நாளை கழிந்துதான் சொல்ல முடியும் என்கிறார்கள்.

வெளியே வந்தபோது போன் அடித்தது, இணைப்பு திரும்பியிருக்கிறது. இவர். பின்னால் ஏதோ உருண்டு விழுகிற சத்தம். இவ்வளவு நாள் பேசாதவர், "அம்மா எப்படி இருக்காங்க?" என்று மட்டும் கேட்டார்.

தூங்கறாங்க என்றேன்.

புயலில் தொட்டிகளோடு போராடிக்கொண்டிருக்கிற மனுஷனிடம் வேறு என்ன சொல்ல? அப்படித்தான் நினைத்தேன். இல்லை, பயந்துவிட்டேன். இரண்டும்தான்.

மார்ச் 13

மறுபடியும் கூப்பிட்டார். சாப்பிட்டுட்டுத் தூங்கறாங்க என்றேன். பொய் ஒரு தடவை வாயில் வந்துவிட்டால் அடுத்தது தானாகவே வருகிறது.

மார்ச் 14

நாத்தனார் ஆபரேஷன் செய்தியை அண்ணனுக்கு அனுப்பிவிட்டாள். இவர் எனக்கு எழுதினது: "கப்பலைத் திருப்பினதுக்கு நான் கோபப்படல. அது உன் வேலை, கணக்கும் சரி. அம்மா தூங்கறாங்கன்னு ரெண்டு நாள் சொன்னியே. அது யார் வேலை?"

இன்று குழாயை எடுத்துவிட்டார்கள். அத்தை முதலில் கேட்டது தன் கண்ணாடியை. பிழைத்துவிட்டார். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மார்ச் 22

அத்தை வீட்டுக்கு வந்தாயிற்று. நடக்கிறார், அதட்டுகிறார், உப்பு கேட்கிறார். இவரோடு தினமும் பேசுகிறார். போனை என்னிடம் நீட்டினால் இணைப்பு போய்விடுகிறது. எல்லா நாளும் அதே நேரத்தில் போகிற இணைப்பு.

மார்ச் 31

கப்பல் ஏற்றும் துறைமுகத்தைத் தொட்டது. தொட்டிகள் எதிர்பார்த்ததைவிடக் குளிர்ச்சி, ஒரு நாளுக்குள் சரக்கு ஏற்ற ஆரம்பிக்கலாம் என்று அறிக்கை. மேலாளர் எனக்குக் கை கொடுத்தார். குலுக்க வேண்டிய கை என்னுடையது இல்லை, கப்பலில் இருக்கிறது.

ஏப்ரல் 3

வந்துவிட்டார். மெலிந்திருக்கிறார். அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, கால் விரல் நகத்தை வெட்டிவிட்டார். என்னிடம் பேசுகிறார், பேசாமல் இல்லை. சாவி எங்கே, மாத்திரை எத்தனை மணிக்கு. விருந்தாளி கேட்கிற மாதிரி ஒரு மரியாதை. சண்டை போட்டால்கூடத் தேவலை. வீட்டுக்குள் நான்தான் இங்கும் அங்கும் நடந்துகொண்டே இருக்கிறேன்.

ஏப்ரல் 6

சாப்பிட்டு முடித்து மூன்று பேரும் கூடத்தில் இருந்தோம். அத்தை திடீரென்று, யாரும் கேட்காமலே ஆரம்பித்தார்.

"டேய், நான் தூங்கறேன்னு அவளைச் சொல்லச் சொன்னதே நான்தான்."

இவர் நிமிர்ந்தார். "எப்போ?"

"முதல் நாளே."

"முதல் நாள் உனக்கு வாயில குழாய்மா."

அத்தை கொஞ்சம் யோசித்தார். "கைஜாடைல சொன்னேன்."

இவர் என்னைப் பார்த்தார். வந்ததிலிருந்து அப்படி நேராகப் பார்த்தது அப்போதுதான். தலையை ஆட்டிவிட்டால் முடிந்துபோகும், அத்தை அவ்வளவு சிரமப்பட்டு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார். என்னால் முடியவில்லை. அவங்க சொல்லல, நானாத்தான் சொன்னேன், பயந்துட்டேன் என்றேன்.

"இவளைக் காப்பாத்தப் போனா இவளே போய்க் குழில குதிக்கறா" என்றார் அத்தை, தலையில் அடித்துக்கொண்டு.

இவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சத்தமாக இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. சிரித்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது.

"அடுத்த தடவை லைன் கிடைச்சா இருக்கறதைச் சொல்லு. புயலை நான் பாத்துக்கறேன்."

சரி என்றேன். அத்தைக்கு இருமல் வந்தது. இவர் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனார். வரும்போது கையில் இரண்டு டம்ளர் இருந்தது, ஒன்றை என் பக்கம் வைத்தார்.